பிளக் சொல்வதைக் கேளுங்கள்!



இந்த வாரம் சம்பளம், வேலை நேரம், வீட்டு வசதி எதைப் பற்றியும் எழுதப் போவதில்லை. உங்கள் வாசலில் நிற்கும் பழைய பிக்கப் வண்டியைப் பற்றி எழுதப் போகிறேன். 'என்ன இது, தலைவர் பட்டறை வேலைக்குப் போய்விட்டாரா?' என்று சிரிக்க வேண்டாம். சம்பளத்தைக் கூட்டிக் கேட்பது ஒரு வேலை. வந்த சம்பளம் வழியிலே ஒழுகிப் போகாமல் பார்ப்பதும் வேலைதான்.

நம்மவர்களில் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்த வண்டி இன்னொரு கை! காலையில் செம்பனைக் காட்டில் வேலை. பிற்பகலில் மாட்டுக்குப் புல் ஏற்ற வேண்டும். கீரை, மரவள்ளி, வாழைத்தார் என்று சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். கோயில் திருவிழா வந்தால் நாற்காலியும் பந்தல் சாமானும் இழுக்க வேண்டும். தோட்டம் துண்டாடப்பட்டு வெளியே வந்து, அடுக்குமாடி வீட்டில் குடியேறிய குடும்பங்களில் சிலருக்கு அந்த வண்டி மட்டும்தான் பிழைப்பு. வண்டி ஒரு நாள் நின்றால் அடுப்பும் யோசிக்கிறது.

2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. பட்டறையில் 'இஞ்சினைப் பிரிக்க வேண்டும்' என்று ஒரு வார்த்தை சொன்னால், ஒரு மாதச் சம்பளம் முழுசாகப் போய்விடுகிறது. அந்த வார்த்தையைக் கேட்டுத் தலையாட்டுவதற்கு முன்னால் நாமே செய்துபார்க்கக்கூடிய வேலை ஒன்று உண்டு. பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது!

டீசல் வண்டியா, பெட்ரோல் வண்டியா?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். இன்று சாலையில் ஓடுகிற பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை டீசல். டீசல் இஞ்சினில் பொறி விடும் பிளக் கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தும்போது உண்டாகும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. அதில் இருப்பது குளோ பிளக். குளிர்ந்து கிடக்கும் இஞ்சினைக் கிளப்ப உதவும் சூட்டுக்கம்பி அது. ஆகவே உங்கள் டீசல் வண்டிக்கு 'ஸ்பார்க் பிளக் 4' என்று யாராவது பில் போட்டுக் கொடுத்தால், பணத்தை எடுப்பதற்கு முன்னால் 'எங்கே காட்டுங்கள், பார்க்கலாம்' என்று கேளுங்கள்.

நான் எழுதப்போவது பெட்ரோல் பிக்கப் பற்றி. குறிப்பாக, பழைய டட்சன் 1200. தோட்டப்புறத்தில் அந்தச் சின்ன வண்டியை அறியாதவர் உண்டா? ஏ12 என்ற இஞ்சின், 4 சிலிண்டர், 1171 சிசி. மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு பூனை படுத்துக்கொள்ளும் அளவு இடம் இருக்கும். பிளக் நான்கும் பக்கவாட்டில் வரிசையாகத் தெரியும். கை நுழையும், கண் நுழையும். வீட்டு வாசலில் வேலை கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வண்டி எனக்குத் தெரிந்து இல்லை.

சங்கிலி தப்பிய கதை

பேராக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம். கிளைக் கூட்டம் முடிந்து லயத்துப் பக்கம் நடந்து வந்தேன். குலை வெட்டும் தம்பி ஒருவர் தம்முடைய டட்சன் பக்கத்தில் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன தம்பி, மொகம் வாடிக் கெடக்குது?"

"வண்டி இழுக்க மாட்டேங்குது தலைவரே. மேட்டுல ஏறுறப்ப திக்குது. பொகை கறுப்பா வருது. பெட்ரோலைத் தண்ணியாக் குடிக்குது. பட்டணத்துப் பட்டறையில காட்டுனேன். ரிங் போச்சு, இஞ்சினைப் பிரிக்கணும், 1,800 வெள்ளி ஆகும்னுட்டாங்க."

"பிளக்கைக் கழட்டிப் பாத்தாங்களா?"

"இல்லையே. சத்தத்தைக் கேட்டாங்க, பொகையைப் பாத்தாங்க, வெலையைச் சொல்லிட்டாங்க."

அவர் மனைவி கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார். மறுநாள் அடகுக் கடைக்குப் போவதாக ஏற்பாடு. அப்போது எதிர்வீட்டுப் பெரியவர் எழுந்து வந்தார். முப்பது வருஷம் தோட்டத்து லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர்.

"அம்மாடி, சங்கிலியைக் கழுத்துலயே போட்டுக்க. மொதல்ல அந்த நாலையும் பாப்போம்" என்றார்.

நான்கு பிளக்கும் வெளியே வந்தன. நான்கும் ஒரே மாதிரி, அடுப்பில் கிடந்த சட்டியின் அடிபோல் வறண்ட கரி! பெரியவர் விரலால் தடவினார். கரி மாவாக உதிர்ந்தது. எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. "ரிங் போயிருந்தா எண்ணெய் ஏறி ஈரமா இருக்கும்டா. இது பெட்ரோல் அதிகமாப் போயி, காத்துப் பத்தாம வர்ற கரி" என்றார். காற்று வடிகட்டியைத் திறந்தார்கள். செம்மண் சாலையின் தூசி பாதி அதற்குள் இருந்தது. சோக் கம்பி துருப்பிடித்துப் பாதியிலேயே நின்றுகொண்டிருந்தது. கம்பிக்கு எண்ணெய் விட்டு, புது வடிகட்டி, புது பிளக் நான்கு போட்டார்கள். 100 வெள்ளிகூட ஆகவில்லை. வண்டி மேடு ஏறியது.

எல்லா வண்டியும் இப்படி மலிவாகப் பிழைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. பிளக் எண்ணெயில் நனைந்து வந்திருந்தால் பட்டறைக்காரர் சொன்னது சரியாகவே இருந்திருக்கும். பட்டறையில் வேலை செய்கிறவரும் நம்மைப்போல் உழைத்துப் பிழைப்பவர்தான். ஆனால் கழற்றிப் பார்க்காமல் விலை சொல்கிறவர் எந்தத் தொழிலில் இருந்தாலும், அவரிடம் இரண்டு கேள்வி கேட்டுத்தான் ஆகவேண்டும்.

அந்தச் சிறு இடைவெளி

பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து சிலிண்டருக்குள் இறுகி நிற்கிற நொடியில் ஒரு பொறி வேண்டும். பிளக்கின் நடுவில் ஒரு முனை. அதன் தலைக்கு மேல் வளைந்து நிற்கிறது இன்னொரு கம்பி. இரண்டுக்கும் நடுவே மில்லிமீட்டர் கணக்கில் இடைவெளி. ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும்போது பொறி பறக்கிறது. இஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு பிளக்கும் விநாடிக்கு 25 தடவை பொறி விடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு 90,000! தேயாமல் என்ன செய்யும்? தேயத் தேய இடைவெளி கூடுகிறது. குதிக்க முடியாமல் பொறி தடுமாறுகிறது. வண்டி மூன்று காலில் நொண்டுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உயர் அழுத்த மின்சாரத்தால் பிளக்கில் பொறி விடும் முறையைச் சரியாக அமைத்து, ஊர் உலகமெல்லாம் வண்டி ஓட வழி செய்தது ஜெர்மனியின் போஷ் நிறுவனம். 1902-இல் நடந்தது. வேலையைச் செய்து முடித்தவர் அங்கே சம்பளத்துக்கு இருந்த கோட்லோப் ஹோனோல்ட் என்ற பொறியாளர். நிறுவனத்தின் பெயர் உலகத்துக்குத் தெரியும். ஹோனோல்டின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? சரி, நம் கதைக்கு வருவோம்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இந்த அளவு புதிதல்ல. பட்டையைச் சீவும்போது மரத்துக்குக் காயம் படக்கூடாது. உள்தோலுக்கு மேலே சுமார் 1 மில்லிமீட்டர் பட்டையை விட்டு வெட்ட வேண்டும். அளவுகோல் வைத்தா வெட்டினோம்? விடியற்காலை இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கை சொன்னபடி வெட்டினோம். டட்சன் 1200-க்கு பிளக் இடைவெளி 0.8 முதல் 0.9 மில்லிமீட்டர். பால்வெட்டுக் கத்தி பிடித்த கைக்கு இது ஒரு வேலையா?

கழற்றுவது எப்படி?

இஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஏ12 இஞ்சினின் தலை அலுமினியம். சூட்டோடு சூடாக பிளக்கைத் திருகினால் அலுமினிய மரை பிய்ந்துகொண்டு வரும். கை சுடுவது ஆறிவிடும். மரை போனால் போனதுதான். ஆகவே இரவெல்லாம் நின்ற வண்டியில், ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்யுங்கள். கை பிரேக் இழுத்து, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சிகரெட், சுருட்டு எதுவும் பக்கத்தில் வேண்டாம். பிள்ளைகள் வேடிக்கை பார்க்கட்டும். எட்டி நின்று பார்க்கட்டும்.

வேண்டிய சாமான்கள் அதிகமில்லை. 13/16 அங்குல பிளக் ஸ்பேனர் (21 மில்லி என்று கேட்டாலும் கடைக்காரர் கொடுத்துவிடுவார்; உள்ளே ரப்பர் வைத்ததாக வாங்குங்கள், பிளக்கின் பீங்கான் உடையாது), இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், சைக்கிள் பம்ப், ஒரு சாண் பெட்ரோல் ரப்பர் குழாய், பழைய பத்திரிகைத் தாள் ஒன்று.

பிளக் வயர் நான்கையும் ஒரேயடியாகப் பிடுங்கிப் போடாதீர்கள். அந்த இஞ்சின் பொறி விடும் வரிசை 1-3-4-2. வயர் இடம் மாறினால் கார்புரேட்டர் வழியாக 'டப் டப்' என்று வெடிக்கும், வண்டி கிளம்பாது. பிறகு யாரைக் கூப்பிடுவது? ரேடியேட்டர் பக்கம் இருப்பது 1-ஆம் சிலிண்டர். அதில் தொடங்கி, ஒரு வயரைக் கழற்றி, அந்த பிளக் வேலையை முழுவதும் முடித்து, வயரைத் திரும்ப மாட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இழுக்கும்போது தலையிலுள்ள ரப்பர் மூடியைப் பிடித்து லேசாகத் திருகி இழுங்கள். வயரைப் பிடித்து இழுத்தால் உள்ளே அறுந்துவிடும்; வெளியே ஒன்றும் தெரியாது.

வயரை எடுத்ததும் ஸ்பேனரை மாட்டிவிடாதீர்கள். பிளக்கைச் சுற்றியுள்ள குழியில் மண்ணும் சருகும் கிடக்கும். நம் தோட்டச் சாலைகளில் ஓடுகிற வண்டிக்குச் சொல்லவா வேண்டும்? சைக்கிள் பம்பால் நன்றாக ஊதுங்கள். ஊதாமல் கழற்றினால் அந்த மண் சிலிண்டருக்குள் விழும். பிறகு ரிங் உண்மையாகவே போகும்!

ஸ்பேனரை நேராக அமர்த்தி இடப்பக்கம் திருப்புங்கள். அசையவில்லையா? பலத்தைக் காட்டாதீர்கள். துருப்பிடித்த இடத்தை இளக்கும் எண்ணெய் சில சொட்டு விட்டு, ஒரு தேநீர் குடித்துவிட்டு வாருங்கள். கொஞ்சம் இளகியதும் கொஞ்சம் திரும்ப முறுக்கி, மறுபடி இளக்கி, முன்னும் பின்னுமாகத்தான் வெளியே கொண்டுவர வேண்டும். அப்படியும் வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். அது பட்டறைக்குப் போகவேண்டிய வேலை.

வெளியே வந்த பிளக்கைப் பத்திரிகைத் தாளில் 1, 2, 3, 4 என்று எழுதி அதனதன் இடத்தில் வையுங்கள். இது முக்கியம். எந்த சிலிண்டர் பேசுகிறது என்று தெரிய வேண்டுமே!

நான்கு பிளக், நான்கு சாட்சி

நுனி இளம் பழுப்பாகவோ, சாம்பல் கலந்த பழுப்பாகவோ இருந்தால் இஞ்சின் நலமாக இருக்கிறது. பிளக் தேய்ந்திருந்தால் மாற்றிவிட்டுப் போகலாம்.

வறண்ட கறுப்புக் கரி என்றால் மேலே சொன்ன கதைதான்: பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. வடிகட்டி, சோக், கார்புரேட்டர் ஆகியவற்றைப் பாருங்கள். கரிக்குக் காரணத்தைத் தீர்க்காமல் பிளக்கை மட்டும் மாற்றினால் புது பிளக்கும் கறுத்துவிடும். காசுக்குப் பிடித்த கேடு.

பளபளவென்று கறுப்பாக, எண்ணெய் ஈரத்தோடு வந்தால் கவலைப்பட வேண்டியதுதான். ரிங்கோ, வால்வு சீலோ தேய்ந்து எண்ணெய் உள்ளே வருகிறது. நான்கில் ஒன்று மட்டும் அப்படியிருந்தால் அந்த சிலிண்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். "3-ஆவது சிலிண்டர்ல மட்டும் எண்ணெய் ஏறுது. கம்ப்ரஷன் அளந்து காட்டுங்க" என்று கேட்கிற ஆளிடம் வாய்க்கு வந்த விலையைச் சொல்லத் தயங்குவார்கள்.

பெட்ரோல் வாடையோடு நனைந்திருந்தால் அந்த பிளக்கில் பொறியே வரவில்லை. பிளக்கோ, வயரோ, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியோ கெட்டிருக்கலாம்.

நுனி சுண்ணாம்புபோல் வெளுத்து, கொப்புளம் கொப்புளமாக இருந்தால் அதிகச் சூடு. பெட்ரோல் பற்றாக்குறை, டைமிங் முந்துவது, ரேடியேட்டரில் தண்ணீர்க் குறைவு, அல்லது தப்பான பிளக். இந்த நிலையில் மூட்டை ஏற்றிக்கொண்டு மேட்டுச் சாலையில் போவது இஞ்சினைக் கொல்வதற்குச் சமம்.

எண்ணைப் பார்த்து வாங்குங்கள்

கடையில் போய் "டட்சனுக்கு பிளக் நாலு குடுங்க" என்று மட்டும் கேட்டு வாங்கி வராதீர்கள். பழைய டட்சன் 1200-க்கு வழக்கமாகப் போடுவது என்ஜிகே பிபி5ஈஎஸ். இதில் ஒவ்வொரு எழுத்துக்கும் பொருள் உண்டு. 'பி' என்ற முதல் எழுத்து மரையின் குறுக்களவு 14 மில்லி என்பதைச் சொல்கிறது. அடுத்த எழுத்து, பீங்கான் நுனி வெளியே நீண்டிருக்கும் என்பதைச் சொல்கிறது. 5 என்பது சூட்டைக் கடத்தும் தரம். 'ஈ' என்றால் மரையின் நீளம் 19 மில்லி. இந்த எழுத்தில்தான் ஆபத்து! அந்த இடத்தில் 'எச்' இருந்தால் நீளம் 12.7 மில்லிதான். கட்டையான பிளக்கைப் போட்டால் பொறி பள்ளத்துக்குள் மாட்டிக்கொள்ளும். கட்டை பிளக் போடவேண்டிய வேறு இஞ்சினில் நீளமானதைப் போட்டால் பிஸ்டனே வந்து இடிக்கலாம். இரண்டாம் கை வண்டிகளில் இஞ்சினே மாறியிருப்பதும் உண்டு. அதனால் பழைய பிளக்கையும் கையோடு கொண்டுபோய் எண்ணையும் நீளத்தையும் ஒப்பிட்டு வாங்குங்கள்.

போலிச் சரக்கும் சந்தையில் உலவுகிறது. தெரிந்த கடையில் வாங்குங்கள். சாதாரண செம்பு பிளக் நான்கு வாங்க 50 வெள்ளி இருந்தால் போதும். இரிடியம் பிளக் என்று விலை கூடியதைக் காட்டுவார்கள். நல்ல சரக்குதான், ஆனால் பழைய டட்சனுக்குச் செம்பே தாராளம்.

மாட்டுவதில்தான் கைத்திறன்

புது பிளக்கிலும் இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும். பெட்டியில் வரும்போதே சரியாக இருக்கும் என்று நம்பாதீர்கள். கீழே விழுந்து கம்பி அமுங்கியிருக்கலாம். 0.85 மில்லித் தகடு லேசான உரசலோடு நுழைய வேண்டும். கூட்டவோ குறைக்கவோ வளைந்த வெளிக்கம்பியை மட்டும் தொடுங்கள். நடு முனையில் நெம்பினால் பீங்கான் கீறிவிடும்.

இப்போது அந்த ரப்பர் குழாய். அதை பிளக்கின் மேல்தலையில் சொருகி, குழாயைப் பிடித்து பிளக்கைக் குழியில் இறக்கி, விரலால் வலப்பக்கம் சுற்றுங்கள். மரை சரியாகப் பிடித்தால் பிளக் சுகமாக இறங்கும். கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிச் சுற்றும், பிளக் நின்றுவிடும். அதுதான் அந்தக் குழாயின் பெருமை! இரும்பு ஸ்பேனருக்கு இந்த நல்ல புத்தி கிடையாது. கோணலானாலும் முறுக்கி உள்ளே தள்ளி அலுமினிய மரையை அறுத்துவிடும். அறுந்த மரைக்குப் புதுச் சுருள் வைத்துச் சரிசெய்யலாம். அது பட்டறை வேலை, பட்டறைச் செலவு.

விரலால் போகும்வரை போய் வாஷர் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரை எடுங்கள். புது பிளக்குக்கு அரைச் சுற்று, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்கு சுற்று. அவ்வளவுதான். ஏற்கனவே போட்டுக் கழற்றிய பிளக்கைத் திரும்பப் போட்டால் வாஷர் முன்பே நசுங்கியிருக்கும். அதற்குக் கடிகாரத்தில் ஒரு மணி தூரம் திருப்பினால் போதும். 'இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நல்லது' என்று தோள்பலத்தைக் காட்டுகிறவர்கள்தான் மரையைக் கெடுக்கிறார்கள். மரையில் கிரீசும் பூச வேண்டாம். வழுக்கலில் எவ்வளவு இறுகியது என்று கைக்குத் தெரியாமல் போய்விடும்.

வயரை 'டக்' என்று உட்காரும்வரை அழுத்தி மாட்டுங்கள். நான்கும் முடிந்ததும் வண்டியைக் கிளப்பி, காது கொடுத்துக் கேளுங்கள். ஒரே சீராக ஓடுகிறதா? ஓடுகிற இஞ்சினில் வயரைக் கையால் இழுத்துப் பார்க்கும் வழக்கம் சிலருக்கு உண்டு. வேண்டாம். ஆயிரக்கணக்கான வோல்ட் கையில் தூக்கி அடிக்கும். துள்ளிய கை ஓடுகிற ஃபேனில் படும். தாழ்வாரத்தை அடைத்துக்கொண்டு இஞ்சினை ஓடவிடுவதும் வேண்டாம். அந்தப் புகை வீட்டுக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் தோட்டத்து முச்சந்தியில் வண்டியை நிறுத்தித் தோசையும் நாசி லெமாக்கும் விற்கிற அக்கா ஒருவரை எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் காலமான பிறகு வண்டியைத் தாமே ஓட்டப் பழகியவர். பிளக் மாற்றுவதும் அவரேதான். "பால்வெட்டுக் கத்தியத் தீட்டுனது நான்தானே, இதுக்கு மட்டும் ஆம்பளை வேணுமா?" என்று என்னையே கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செம்பு பிளக் 15,000 முதல் 20,000 கிலோமீட்டர்வரை ஓடும். நடுவில் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை கழற்றிப் பார்த்து இடைவெளியை அளந்துவிடுங்கள். மாற்றிய தேதியையும் மீட்டரில் இருந்த கிலோமீட்டரையும் மூடியின் உள்பக்கம் சாயத்தால் எழுதிவையுங்கள். கழற்றிய நான்கில் நல்லதாக இருக்கும் ஒன்றைத் துணியில் சுற்றி, பிளக் ஸ்பேனரோடு சீட்டுக்கு அடியில் போட்டுவையுங்கள். சந்தைக்குப் போகிற வழியில் ஒரு பிளக் படுத்துவிட்டால், இஞ்சின் ஆறும்வரை காத்திருந்து அதை மாட்டிக்கொண்டு, கீரை வாடுவதற்குள் போய்ச் சேரலாம்.